ஐம்பது ஹெர்ட்ஸ்

தாம்வே, நாலாம் மாடி.
கரண்ட் வர இன்னும் பதினேழு நிமிடம் என்கிறது அட்டவணை.
அட்டவணை போட்டவனுக்கு அது தெரியுமோ என்னவோ.

பகலில் பயின்னவுங் மொத்தக் கடையில்
உளுந்து மூட்டைகளுக்குக் கணக்கெழுதுகிறேன்.
சம்பளச் சீட்டில் மா தின் நுவே,
வீட்டில் அங்கயற்கண்ணி.
இந்த ஆம்ப்ளிபயருக்கு
இரண்டு பேரையுமே பிடிக்கவில்லை.

செத்த ஸ்டெபிலைசரிலிருந்து உருவிய டிரான்ஸ்பார்மர்,
பிஸ்கட் டின்னை வெட்டி மடக்கிய பெட்டி,
கழித்துப்போட்ட பஸ் ஸ்பீக்கர் ஒன்று.
அறையிலிருந்த ஒரே பல்பைக் கழற்றி
மெயினுக்குத் தொடரில் போட்டேன்.
மங்கினால் பிழைத்தோம். ஜொலித்தால் எங்கோ ஷார்ட்.

ஜொலித்தது,
கல்யாண வீடு மாதிரி.

துளையிட்ட இடத்தில் ஒரு பிசிறு,
மயிரிழைதான்,
மைக்காத் தகட்டைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
அதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி,
தேய்த்து எடுக்க அரை நிமிடம்.

அடுத்து டிரான்சிஸ்டர்கள்.
'ஜப்பான் சரக்கு, அக்கா' என்று
தெய்ஞ்சீ சந்தையில் ஸோ மின் சத்தியம் செய்து கொடுத்த நாலு.
ஒன்று வெந்தது. நகத்தால் சுரண்டினேன்,
ஜப்பான் உரிந்து வந்தது.
ரம்பத்தால் தொப்பியை அறுத்துப் பார்த்தால்
நெல்லளவு சில்லு இருக்க வேண்டிய இடத்தில்
எள்ளளவு.
கோபம் வரவில்லை.
மேலே நல்ல பயறும் அடியில் சொத்தையுமாக
எத்தனை மூட்டைக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் ஸ்பீக்கர் 'டப்' என்று முன்னே தள்ளி
அப்படியே நின்றுவிட்டது,
சொல்ல வாயெடுத்தவன் சொல்லை மறந்ததுபோல்.
அவுட்புட்டில் பதினெட்டு வோல்ட் டி.சி.
டார்ச் வெளிச்சத்தில்
பழுப்பு வளையமும் சிவப்பு வளையமும் ஒன்றுதான்.
ஒரு ரெசிஸ்டர் மாற்றினேன்.
கூம்பு மூச்சை விட்டுப் பின்னுக்கு வந்தது.

மிச்சமிருந்தது ம்ம்ம்ம் மட்டும்.
வால்யூமைக் குறைத்தாலும் அதே ம்ம்ம்ம்.
பாட்டு இல்லாதபோது இன்னும் பெரிதாய் ம்ம்ம்ம்.
கேபிளை மாற்றினேன், பெட்டியைத் திருப்பினேன்,
எர்த் கம்பியைக் கழற்றி இங்கே, அங்கே.
இந்த ஒலியைச் சரியாகக் கேட்க
ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி,
வியர்வை காதுக்குள் வழிய
அந்தக் கம்பியை
இரண்டு பெரிய கபாசிட்டரும் சேரும் புள்ளியில்
தொட்டேன்.

நின்றது.

அப்படியொரு நிசப்தம்.
எழுந்து ஒரு சுற்று ஆடினேன், உண்மையாகவே,
இருட்டில் மேசைக்கால் இடித்து.
கீழே டீக்கடையில்
ஜெனரேட்டர் இருமியது.

அப்போதுதான் புரிந்தது.
நின்றது ஹம் இல்லை, கரண்ட்.

கம்பியை அந்தப் புள்ளியிலேயே பற்றவைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
சுவருக்கு அப்பால் டா மியா சீயின் பேரன் இருமுகிறான்.
அட்டவணைக்கு மேல் அரை மணி ஆயிற்று.
நாளை காலை ஏழு மணிக்கு லாரி வரும்,
இருநூறு மூட்டை.

'மீ லாபீ!'
மாடிக்கு மாடி குழந்தைகள் கத்துகிறார்கள்.
பல்பு ஒரு கணம் சிவந்து அவிகிறது.
ஸ்பீக்கரில் காதை வைக்கிறேன்.
ஒன்றுமில்லை.

ஒருமுறை ஏமாந்தவள்.
வெறும் மௌனத்தை எப்படி நம்புவது?
ஈர விரலால்
இன்புட் முனையைத் தொடுகிறேன்.

ம்ம்ம்ம்.

இது பெட்டியின் ஒலி இல்லை.
சுவருக்குள் ஓடும் கம்பி எல்லாம்
என் உடம்பில் ஏறி வந்து
விரல் வழியாக அங்கே முனகுகிறது.

விரலை எடுக்கிறேன். அமைதி.
வைக்கிறேன். நான்.
எடுக்கிறேன்.

டா மியா சீ சுவரைத் தட்டுகிறாள்.